இரும்பு பீரோ, ஒன்று

ஜூன் 15

இந்த நோட்டின் முதல் நான்கு பக்கத்தில் யாரோ கம்பளிக் காலுறைகளைப் பற்றி இந்தியில் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய பட்டாளக் கம்பெனி ஸ்டோரில் கிடைத்த நோட்டு. ஐந்தாம் பக்கத்திலிருந்து என்னுடையது. தமிழில் எழுதுவதால் இந்தக் கட்டடத்தில் அம்மா அப்பாவைத் தவிர ஒருவராலும் படிக்க முடியாது. அம்மா படித்துவிடக் கூடாது என்பதால் அரிசி டிரம்முக்கு அடியில் வைக்கப்போகிறேன்.

எழுதக் காரணம், இன்று நான் சர்க்காரிடம் பொய் சொல்லிவிட்டேன்.

காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு ராத்திரி கழித்து இந்த ஊர் கன்டோன்மென்டுக்கு வந்தோம். அப்பா ராணுவத்தில் நாயக், பெயர் தசரதன். வந்ததும் ரிப்போர்ட் பண்ண யூனிட்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் பதினான்காம் பிளாக், ஆறாம் நம்பர் குவார்ட்டர்ஸில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டாம் மாடி. குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து துபேஜி வந்தார். வயதானவர். காக்கிச் சட்டை. மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வீட்டிலிருக்கும் சர்க்கார் சாமான்களை அவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். நாங்கள் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு இந்தி தெரியாது. எனக்குப் போன ஊரில் படித்த இந்தி கொஞ்சம் இருக்கிறது.

"மேசை, ஒன்று" என்றார்.

"இருக்கிறது."

"நாற்காலி, நான்கு."

"இருக்கிறது."

"கட்டில், இரண்டு."

"இருக்கிறது."

"தீயணைக்கும் வாளி, சிவப்பு, ஒன்று."

"இருக்கிறது."

"இரும்பு பீரோ, ஒன்று."

"இருக்கிறது."

பீரோ இல்லை. படுக்கை அறைச் சுவரில் பீரோ நின்ற அடையாளம் மட்டும் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் செவ்வகம். நான்கு முறை இருக்கிறது என்று சொன்ன வாய் ஐந்தாவது முறையும் சொல்லிவிட்டது. அவர் தலையைத் தூக்காமல் சரி போட்டார். காக்கிச் சட்டை போட்டவர் சரி போட்ட பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கடைசியா இன்னாடி கேட்டாரு?" என்றாள் அம்மா.

"எல்லாம் இருக்கான்னு கேட்டாரு."

"இருக்குதானே?"

"இருக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு துபேஜி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அந்தச் செவ்வகத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பீரோ இருந்திருந்தால் எனக்கு இந்த இடம் கிடைத்திருக்காது.

ஜூன் 17

இந்தப் பிளாக்கில் ஒரு சட்டம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. மற்ற ஐந்து வீடுகளும் சாப்பாடு அனுப்பும்.

எதிர் வீடு ஐந்தாம் நம்பரிலிருந்து ராவத் ஆன்ட்டி ராஜ்மா கொண்டுவந்தார். மலைக்காரர். எங்கள் வாசலில் நின்றால் பின்னால் படிக்கட்டு தெரியாது. தரைத்தளம் இரண்டாம் நம்பர் மண்டல் ஆன்ட்டி மீன் கொண்டுவந்தார். வங்காளத்து மீன். நான் முள் எடுத்து முடிப்பதற்குள் சோறு காய்ந்து கல்லாகிவிட்டது. எங்களுக்கு நேர் கீழே நாலாம் நம்பரில் ஈஸ்வரி ஆன்ட்டி. சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். அவர் புளிசாதம்.

யார் வந்தாலும் அம்மா கதவைப் பாதி திறந்து கையை மட்டும் நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள கூப்புட மாட்டியாம்மா?" என்று ஈஸ்வரி ஆன்ட்டி கேட்டார்.

"வீடு போட்டது போட்டபடி கிடக்குதுக்கா."

எங்கள் வீட்டில் போடுவதற்கே ஒன்றும் இல்லை. மூன்று கறுப்பு டிரங்குப் பெட்டிகள், ஒரு அரிசி டிரம், அவ்வளவுதான். அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அது நல்லதுதான். உள்ளே வந்தால் பீரோ இல்லாததைப் பார்த்துவிடுவார்கள்.

ஜூன் 20

அப்பா இன்று பனிமலைக்குப் போனார். அங்கே குடும்பம் கூடாது. அதனால்தான் எங்களை இங்கே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார்.

கிளம்பும்போது படுக்கை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பீரோ வாங்கணும் குமுதா. பாப்பா பொறந்தா துணி வைக்க வேணாமா?" என்றார்.

பட்டியலில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவருடைய பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தோம். தலை இடித்துக்கொண்டது.

பாப்பா அக்டோபரில்.

ஜூலை 6

பள்ளிக்கூடம் திறந்தது. என் பக்கத்தில் சப்னா. அவள் அப்பா மிலிட்டரி போலீஸ். ஒரு கதைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, சிப்பாய் வீட்டில் சர்க்கார் சாமான் ஒன்று காணாமல் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"கோர்ட் மார்ஷல்" என்றாள், வாயில் பராத்தாவோடு.

"அப்படின்னா?"

"எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, தொப்பியைக் கழற்றி, பெல்டைக் கழற்றி, பட்டனை எல்லாம் பிய்த்துவிடுவார்கள்."

"பட்டனை எதுக்கு?"

"பட்டனும் சர்க்காருடையதுதானே."

சாயங்காலம் அம்மாவிடம் ஊசி நூல் கேட்டு வாங்கி, அப்பா விட்டுப்போன சட்டைகளில் பட்டன்களை எல்லாம் இன்னொரு முறை இறுக்கித் தைத்தேன். அவ்வளவு சுலபமாகப் பிய்க்க முடியாது.

ஜூலை 12

பெரிய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். பீரோவைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதினேன். பிறகுதான் அது இரும்பு என்று ஞாபகம் வந்தது. துருப்பிடித்துக் கரைந்துவிட்டது என்று மாற்றினேன். இருபத்தேழு நாளில் அவ்வளவு துருப்பிடிக்குமா என்று கேட்பார்கள். கிழித்து, ஊறவைத்து, உருட்டி, ஜன்னல் ஓட்டையில் அடைத்துவிட்டேன்.

அப்பா போன் வந்தது. மூன்று நிமிடம். எப்போதும் முதலில் கேட்பதையே கேட்டார்.

"எல்லாம் இருக்கா?"

அரிசி இருக்கா, காஸ் இருக்கா என்று அர்த்தம். நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா போனை வாங்கி, "எல்லாம் இருக்குங்க" என்றாள்.

ஆகஸ்ட் 2

அம்மா அந்தச் செவ்வகத்தின் மேல் ஒரு பெட்ஷீட்டை ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். வெயிலில் சுவர் சுடுகிறதாம். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது எங்கள் சமையலறை. அங்கே வெயிலே வராது. அம்மாவுக்குத் திசை தெரியவில்லை. ரயிலில் வந்த களைப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

நான் பெட்ஷீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பைவிட வசதி.

ஆகஸ்ட் 19

சமையலறை மேடையில் மற்ற வீட்டுப் பாத்திரங்கள் ஏழு வரிசையாக இருக்கின்றன. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது. ஏதாவது செய்து போட்டுத் தர வேண்டும். செய்து கொடுத்தால் "வா, உட்கார்" என்பார்கள். உட்கார்ந்தால் அவர்களும் ஒருநாள் வந்து உட்காருவார்கள். அதனால் அம்மா தினமும் ஏழு பாத்திரங்களையும் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைக்கிறாள்.

அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. ஏழு பாத்திரம் கழுவுவது கூட அதிகம்தான்.

படியில் மூன்றாம் நம்பர் ஆன்ட்டி இன்னொருவரிடம் மதராஸிக்காரிக்குத் தலைக்கனம் என்றார். எனக்கு இந்தி தெரியாதென்று நினைத்திருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

ஞாயிறு. போன் இல்லை.

செப்டம்பர் 6

போன் இல்லை. அது வேறு விஷயம், பனிமலையில் சில நேரம் லைன் கிடைக்காது. என் கவலை பீரோ பற்றித்தான்.

செப்டம்பர் 10

மாடிப்படியில் ஈஸ்வரி ஆன்ட்டி என்னை மடக்கினார்.

"ராத்திரி ஒரு மணிக்கு உங்க ஊட்ல யாரு நடக்கறது? எனக்கு மேலதானே இருக்கீங்க. தினமும் டிரம்மு நகருது."

"எலி ஆன்ட்டி."

"அரிசி டிரம்மை நகத்தற எலியா? அதுக்குப் பள்ளிக்கூடம் இல்லியா காலைல?"

ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த எலிகிட்ட சொல்லு. கீழ வந்தா அதுக்கு உளுந்து வடை உண்டு" என்றார்.

நான் போகவில்லை. வாசனை மட்டும் மேலே வந்தது.

செப்டம்பர் 13

போன் இல்லை. அம்மா சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போன் முழுதாகச் சார்ஜ் ஆகித்தான் இருந்தது.

செப்டம்பர் 18

பள்ளியிலிருந்து வந்தபோது கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை 25ஆம் தேதி, காலை பத்து மணிக்கு, பதினான்காம் பிளாக் முழுதும் சர்க்கார் சாமான் சோதனை. ஒவ்வொரு சாமானையும் நேரில் பார்த்துச் சரிபார்ப்பார்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. டார்ச்சை அணைக்கிறேன்.

செப்டம்பர் 19

பீரோ செய்துவிட்டேன்.

அப்பாவின் மூன்று டிரங்குப் பெட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். என் உயரத்துக்கு மேல் போனது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் போர்வையை இழுத்துக் கட்டினேன். கைப்பிடிக்கு ஒரு கரண்டி. சாவித் துவாரத்துக்கு ஸ்கெட்ச் பேனா. தூரத்திலிருந்து பார்த்தால் பீரோ மாதிரி இருக்கிறது. கிட்டே பார்த்தால் கம்பளிச் சட்டை போட்ட ஆள் மாதிரி இருக்கிறது.

அம்மா வந்து பார்த்தாள். என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா எதுவுமே கேட்கவில்லை.

"பீரோன்னா கண்ணாடி வெக்கணும்" என்றாள்.

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். மாட்டினோம். அம்மா தூர நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, கரண்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 20

போன் இல்லை. நான்காவது ஞாயிறு. பீரோ மூன்று முறை சரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டோம்.

செப்டம்பர் 21

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மணிக்குக் கதவு தட்டினார்கள். அம்மா வழக்கம்போல் பாதி திறந்து கையை நீட்டினாள். கையில் பாத்திரம் வரவில்லை. ராவத் ஆன்ட்டியின் கால் உள்ளே வந்தது. எங்கள் ஊர் அம்மிக்கல் அளவுக் கால். கதவை இனி மூட முடியாது. அவருக்குப் பின்னால் மண்டல் ஆன்ட்டியும் ஈஸ்வரி ஆன்ட்டியும் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது. இந்த வீட்டோடு பேச வேண்டும்" என்றார் ராவத் ஆன்ட்டி இந்தியில். பேசிக்கொண்டே நேராகப் படுக்கை அறைக்குப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் அம்மா ஓடினாள். எட்டரை மாத வயிற்றோடு ஓடி, போர்வை பீரோவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். அப்போது, சரியாக அப்போது, கரண்டி கீழே விழுந்தது. பிறகு போர்வை விழுந்தது. 'நாயக் தசரதன்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிய டிரங்குகள் மூன்று தெரிந்தன.

மண்டல் ஆன்ட்டி கிட்டே வந்து, விழுந்த போர்வையை எடுத்து, சாவித் துவாரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் அட்டைப் பெட்டியில் செய்தேன்" என்றார். "வந்த புதிதில். என்னுடையதை விட இது நன்றாக இருக்கிறது."

"எங்க ஊட்டுக்காரரு சுவத்துல பெயின்ட்டாலே வரைஞ்சாரு" என்றார் ஈஸ்வரி ஆன்ட்டி. "கதவு தொறந்தாப்புல."

ராவத் ஆன்ட்டி கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது. அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்தது. பதினான்காம் பிளாக்கில் ஆறு வீடு. ஆறு வீட்டுப் பட்டியலிலும் ஆளுக்கொரு இரும்பு பீரோ. பிளாக் முழுதிலும் இருக்கும் இரும்பு பீரோ ஒன்று. மற்ற ஐந்தும் எப்போது எங்கே போயின என்று இப்போது இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை துபேஜி சோதனைக்கு வரும்போது, அவர் ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பீரோ பின்படி வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"ஜூன் மாதமே சொல்லியிருப்போம்" என்றார் ராவத் ஆன்ட்டி. "பாதிக் கதவில் இதை எப்படிச் சொல்வது?"

நான் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பொண்ணு தெரியாம இருக்குன்னு சொல்லிட்டாக்கா. கொழந்த அது. நானும் தெரிஞ்சே கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு மாசமா தூக்கம் இல்ல" என்று ஈஸ்வரி ஆன்ட்டியிடம் அழுதாள்.

அம்மாவுக்குத் தெரியும். ஜூன் பதினைந்திலிருந்தே தெரியும். இதை எழுதும்போது எனக்குக் கோபமாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஈஸ்வரி ஆன்ட்டி அம்மாவின் வீங்கின காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "போன் வர்லன்னு எங்ககிட்டயாவது வந்து கேட்டிருக்கலாம்ல. ராவத் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. அவரும் நாலு வாரமா போன் பண்ணல. லைன் அறுந்துபோச்சாம். இவங்க தினமும் யூனிட் ஆபீஸுக்கு நடந்து போய்க் கேட்டுட்டு வராங்க. தசரதன் பேரையும் சேத்துத்தான் கேக்கறாங்க."

"ரெண்டு பேரும் ரேஷன் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார் ராவத் ஆன்ட்டி. "சனிக்கிழமை. கிளார்க்கிடம் தாளை வாங்கி நானே பார்த்தேன். சாப்பிடுகிறவன் உயிரோடுதான் இருப்பான்."

அம்மா ஏழு பாத்திரங்களிலும் அரிசி வடகம் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 23

ஒத்திகை.

திட்டம் இப்படி. சோதனை ஒன்றாம் நம்பரில் தொடங்கும். எதிரெதிர் வீடுகளுக்குப் பீரோவைத் தள்ள ஒரு டீ போதும். மாடி ஏற்றத்தான் நேரம் ஆகும். அதற்கு இரண்டாம் நம்பரில் மண்டல் ஆன்ட்டி முள் மீன் கொடுப்பார். அதைத் தின்ன யாருக்கும் இருபது நிமிடம் ஆகும். நாலாம் நம்பரிலிருந்து எங்கள் மாடிக்கு ஏற்றுவதுதான் கஷ்டம். பின்படி அங்கே குறுகலாக வளைகிறது. போன வருடம் ஈஸ்வரி ஆன்ட்டியின் தோசையைத் துபேஜி நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டாராம்.

"கடிக்க முடியாதது ஏதாவது வேண்டும்" என்றார் ராவத் ஆன்ட்டி.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா முதல்முறையாக, யாரும் கேட்காமலே பேசினாள். "பொருள்விளங்கா உருண்டை."

இன்று சாயங்காலம் முழுதும் வறுத்து, அரைத்து, பாகு காய்ச்சிப் பிடித்தாள். ஒன்றை மண்டல் ஆன்ட்டியிடம் கொடுத்தோம். அவர் கடித்துப் பார்த்தார். பிறகு கதவு இடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார். கதவில்தான் கோடு விழுந்தது. திருப்தியாகத் தலையசைத்தார்.

எனக்கு வேலை, முன்படியில் நின்று துபேஜி எழுந்தால் இருமுவது.

செப்டம்பர் 25

நாலாம் நம்பர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியூரில் படிக்கும் ஈஸ்வரி ஆன்ட்டி மகளின் கட்டில். யாரும் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

காலையில் எல்லாம் சரியாகவே நடந்தது. ஒன்றாம் நம்பர் சரி. இரண்டாம் நம்பரில் மீன், இருபத்திரண்டு நிமிடம். மூன்று சரி. நாலாம் நம்பரில் துபேஜி பீரோவைப் பார்த்து, சரி போட்டு, முன்னறையில் உட்கார்ந்தார். உருண்டையை எடுத்தார். கடித்தார். நிறுத்தினார். வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்தது. ஈஸ்வரி ஆன்ட்டி எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பின்படியில் பீரோ ஏறும் சத்தம் கேட்டது.

அப்போது மேலேயிருந்து அம்மா கூப்பிட்டாள். சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். தரை ஈரம்.

"ஈஸ்வரி அக்காவக் கூப்புடு. ஓடாத, மெதுவா போ."

ஓடினேன். அக்டோபர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இருமுவதா கத்துவதா என்று தெரியாமல் உள்ளே போய், "அம்மாவுக்கு வலி" என்று தமிழில் சொன்னேன். ஈஸ்வரி ஆன்ட்டிக்குச் சொன்னது. ஆனால் துபேஜிதான் முதலில் எழுந்து, சாசரும் கையுமாக எங்களோடு மேலே வந்தார்.

ஈஸ்வரி ஆன்ட்டி வந்த அவசரத்தில் எல்லாவற்றையும் மறந்து, எங்கள் சமையலறைப் பின்கதவைத் திறந்து, "ராவத் அக்கா" என்று கூப்பிட்டார்.

வளைவில் பீரோ மாட்டிக்கொண்டு நின்றது. மேலே மண்டல் ஆன்ட்டியும் ஒன்றாம் நம்பர் ஆன்ட்டியும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்றாம் நம்பர் ஆன்ட்டி. அடியில், முழு பாரத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டு ராவத் ஆன்ட்டி. நான்கு பேரும் துபேஜியைப் பார்த்தார்கள். துபேஜி நான்கு பேரையும் பார்த்தார். வாயில் உருண்டை இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. அவர்களுக்கும் பேச எதுவும் இல்லை.

துபேஜி உருண்டையை எடுத்துச் சாசரில் வைத்தார்.

"ஜீப் கீழே நிற்கிறது. டிரைவர் இருக்கிறான். யார் கூடப் போகிறீர்கள்?"

"நான்" என்றார் ராவத் ஆன்ட்டி, குனிந்தபடியே. "ஆனால் நான் விட்டால் இது கீழே போகும்."

துபேஜி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். படியிறங்கி, ராவத் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, முதுகைக் கொடுத்தார். "ம்" என்றார். ராவத் ஆன்ட்டி வெளியே வந்தார்.

அம்மாவை ராவத் ஆன்ட்டி கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டுதான் முன்படி இறங்கினார். ஈஸ்வரி ஆன்ட்டி பையோடு பின்னால் போனார். ஜீப் சத்தம் கேட்டது. நான் போக முடியாது. நான் படியில் நின்றேன்.

"பொண்ணே, இந்த மூலையைப் பிடி" என்றார் துபேஜி பீரோவுக்கு அடியிலிருந்து.

பிடித்தேன். இப்படித்தான் நானும் ஒரு சர்க்கார் பீரோவைத் தூக்கினேன்.

அதை எங்கள் படுக்கை அறையில், பெட்ஷீட்டைக் கழற்றிவிட்டு, அந்தச் செவ்வகத்தில் வைத்தோம். ஒரு நூல் கூடக் குறைச்சல் கூடுதல் இல்லாமல் பொருந்தியது. துபேஜி அப்பாவின் டிரங்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார்.

"ஐந்தாம் நம்பர், பீரோ, ஒன்று. வரும் வழியில் பார்த்தேன்." சரி போட்டார். "ஆறாம் நம்பர். மேசை, ஒன்று."

"இருக்கிறது."

"நாற்காலி. கட்டில். வாளி."

"இருக்கிறது."

"இரும்பு பீரோ, ஒன்று."

நான் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் வாய் வரவில்லை. "இருக்கிறது, ஆனால்" என்றேன்.

"ஆனால் எழுத இதில் கட்டம் இல்லை" என்றார்.

"ஜூன் மாதம் நான் பொய் சொன்னேன்."

"தெரியும். நான் ஏன் அன்று தலையைத் தூக்கவில்லை என்று நினைக்கிறாய்? பார்த்தால் எழுத வேண்டும். எழுதினால் எவனோ ஒரு பையனுக்குப் பனியில் நிற்கும்போது விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்."

மண்டல் ஆன்ட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் எத்தனை வருடமாக உங்களுக்குத் தெரியும்?"

"ஒன்பது."

"ஒன்பது வருடமாக எங்களைத் தூக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?"

"சொல்லியிருந்தால் மீன் கிடைத்திருக்குமா?" என்றார் துபேஜி.

மண்டல் ஆன்ட்டி அவரோடு இனிப் பேசுவதில்லை என்று அங்கேயே அறிவித்தார். பிறகு அவருக்கு இடுப்பில் தைலம் தேவையா என்று கேட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு ஈஸ்வரி ஆன்ட்டி மட்டும் திரும்பி வந்தார். தங்கச்சி. அம்மா சோறு கேட்டாளாம். ராவத் ஆன்ட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார், எழுப்பினாலும் எழ மாட்டார் என்றார்.

செப்டம்பர் 27

ஞாயிறு. அம்மா ஆஸ்பத்திரியில். போன் என்னிடம். பதினொன்றே காலுக்கு அடித்தது. எதிர் வீட்டிலும் அதே நேரத்தில் அடித்தது. கதவு வழியாகக் கேட்டது.

"எல்லாம் இருக்கா?" என்றார் அப்பா. குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எல்லாம் இருக்குப்பா. பாப்பா பொறந்துடுச்சி. பீரோ இருக்கு."

"பாப்பாவா? எப்ப? அம்மா எப்படிக்கீறா? பீரோ யாரு வாங்கனது?"

"அம்மா நல்லாக்கீறா. பீரோ படியேறி வந்துச்சி."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"அழுவறியா யமுனா?"

"சளிப்பா."

சளிதான். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 9

பாப்பாவின் துணி இருப்பதால் அடுத்த சோதனை வரை பீரோ எங்கள் வீட்டில்தான் என்று பிளாக் முடிவு செய்துவிட்டது. செவ்வகம் போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா திரும்பிப் படுத்து, "லைட்டப் போட்டுக்கினு எழுது, கண்ணு கெட்டுடும்" என்றாள். அரிசி டிரம் பற்றி எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நம்பர் ஆன்ட்டியின் வீட்டுக்காரருக்கு மாற்றல் ஆகிக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். இன்று அங்கே ஒரு குடும்பம் வந்தது. ஒடிசாக்காரர்கள். அந்த வீட்டு அப்பா யூனிட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவும், பத்து வயதுப் பெண்ணும் சுவரோரமாக நின்றார்கள். துபேஜி தாளை விரித்தார். நான் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன்.

மேசை, இருக்கிறது. நாற்காலி, இருக்கிறது. கட்டில், வாளி, இருக்கிறது.

"இரும்பு பீரோ, ஒன்று."

அந்தச் சின்னப் பெண் வெள்ளைச் செவ்வகத்தைப் பார்த்தாள். துபேஜியின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"இருக்கிறது" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். துபேஜி தலையைத் தூக்காமல் சரி போட்டார்.

சாயங்காலம் அம்மா புளிசாதம் கிளறிக் கொடுத்தாள். கீழே போய்க் கதவைத் தட்டினேன். கதவு பாதி திறந்தது. இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை மட்டும் நீண்டது.

நான் பாத்திரத்தைக் கொடுக்கவில்லை. காலை உள்ளே வைத்தேன்.